நத்தைத் தொட்டியில் யார் பகைவன்?



வகுப்பறையில் ஓர் உயிரினத்தை வளர்ப்பது எளிதன்று. அதனோடு அழையாமல் வந்து சேரும் பிற உயிரினங்களை என்ன செய்வது என முடிவெடுப்பது அதனினும் கடினம். ஒரு நத்தைத் தொட்டியின் வாயிலாக நானும் என் நான்காம் ஆண்டு மாணவர்களும் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ரெங்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இச்சிற்றூரில், மழை விட்டதும் வேலியோரங்களில் பெரிய பழுப்பு நிற நத்தைகள் ஊர்வதைக் காணலாம். இவை ஆப்பிரிக்கப் பெருநத்தைகள். கிழக்கு ஆப்பிரிக்காவே இவற்றின் தாயகம். 1847-இல் மொரிசியசிலிருந்து கல்கத்தாவிற்கும், 1900-இல் இலங்கைக்கும் இவற்றைக் கொண்டு சென்றவர்கள் மனிதர்களே. பின்னர் இவை மலாயாவிலும் பரவின.

விலங்குகள் எதிரிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் முறைகளைக் கற்பிக்கும்பொருட்டு, நான்கு நத்தைகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தோம். முதல் நாளே சில விதிகளை வகுத்தேன். இந்நத்தைகளின் உடலில் எலியின் நுரையீரற்புழு இருக்கக்கூடும். அது மனித உடலினுள் சென்றால் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். ஆகவே, கையுறையின்றித் தொடக்கூடாது, தொட்டியருகே உண்ணக்கூடாது, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் தொட்டிக்குள் ஒரு கூட்டமே குடியேறிவிட்டது! மண்ணின் மேல் வெண்புள்ளிகள் துள்ளின. வெள்ளரித் துண்டைச் சுற்றிச் சிற்றீக்கள் பறந்தன. தொட்டியின் விளிம்பில் எறும்புகள் அணிவகுத்தன. ஒரு நத்தையின் கழுத்தில் நூல்முனையளவு வெண்ணிறச் சிற்றுண்ணிகள் விரைந்து ஓடின.

"டீச்சர், மருந்து அடிச்சிடலாம்!" என்றனர் பிள்ளைகள். வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு நாம் செய்வதைத்தானே அவர்கள் கண்டிருக்கிறார்கள்? ஆனால், நத்தையின் தோல் எப்போதும் ஈரமானது. நஞ்சு அதன் வழியாகவே உள்ளே சென்றுவிடும். பூச்சியோடு நத்தையும் மடியும். செம்பும் உப்பும்கூட அதற்கு நஞ்சே.

"அப்படின்னா, இதுங்கள சாப்பிடுற பூச்சி ஒண்ணைப் பிடிச்சுப் போடலாமா?" என்றான் ஒரு மாணவன். அறிவார்ந்த வினாதான். அவனுக்கு மூரெயாத் தீவின் கதையைச் சொன்னேன். பசிபிக் பெருங்கடலிலுள்ள அத்தீவில், இதே ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க 1977-இல் ஓநாய் நத்தை எனும் ஊனுண்ணி நத்தையைக் கொண்டுவந்து விட்டனர். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுக்கே உரிய பார்டுலா எனும் சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டுகளில் மூரெயாவின் காடுகளில் பார்டுலா ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. விலங்கியல் பூங்காக்களில் காக்கப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களே 2015 முதல் மீண்டும் அப்பகுதித் தீவுகளில் விடப்பட்டு வருகின்றன.

எனவே, முதலில் யார் யார் என அடையாளம் காண்போம் என்றேன். உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் இரண்டு நாள் கவனித்தோம். நாங்கள் கண்டவை இவை:

1. துள்ளும் வெண்புள்ளிகள்: பூஞ்சணத்தையும் மட்கிய இலையையும் உண்பவை. நத்தைக்குத் தீங்கற்றவை, சொல்லப்போனால், துப்புரவாளர்கள்! அவற்றை விட்டுவிட்டோம்.

2. சிற்றீக்கள்: அழுகும் உணவைத் தேடி வருபவை. எஞ்சிய உணவை நாள்தோறும் அகற்றி, தொட்டியை மெல்லிய துணியால் மூடினோம். வரவு குறைந்தது.

3. எறும்புகள்: தோட்டத்து லயங்களில் பாட்டிமார் உணவு அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே வழியைக் கையாண்டோம். மேசையின் நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணங்கள். நீர் தேங்கிக் கொசு பெருகாதிருக்க, அதை அடிக்கடி மாற்றினோம்.

4. நத்தையின் உடலில் ஓடும் சிற்றுண்ணிகள்: இவையே உண்மையான தொல்லை. நத்தையின் மூச்சுத்துளை வழியே உள்ளும் புறமும் சென்று, குருதியை உறிஞ்சி அதை மெலியச் செய்யும் இனங்கள் உள்ளன. அந்நத்தையைத் தனியே பிரித்தோம். எல்லா நத்தைகளையும் வெதுவெதுப்பான நீரில் கழுவினோம். மண் முழுவதையும் கொதிநீர் ஊற்றிய பின்னரே அப்புறப்படுத்தினோம். தொட்டியை வெந்நீரால் மட்டும் கழுவி, ஈரத்தாள் விரித்து, அத்தாளை இரண்டு வாரம் நாள்தோறும் மாற்றினோம்.

இவ்வேலைகளுக்கிடையே, எப்போதும் அமைதியாக இருக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்கம்மா கீரைப் பாத்தியில இதைப் பார்த்தா உப்பைக் கொட்டிக் கொன்னுடுவாங்க. நாம மட்டும் ஏன் குளிப்பாட்டுறோம்?"

வகுப்பு அமைதியானது. அவள் தாயார் கீரை விற்றுத்தான் குடும்பத்தைக் காக்கிறார் என்பதை நான் அறிவேன். பாடநூலில் அவளுக்கு விடையில்லை. "உன் அம்மா செய்வதில் குற்றமில்லை. அங்கே அது உங்கள் சோற்றைத் தின்கிறது. இங்கே நாம் அடைத்து வைத்ததால், அதன் உயிர் நம் பொறுப்பாகிவிட்டது. பூச்சி, பகைவன் என்பதெல்லாம் எந்த உயிருக்கும் பிறவிப் பெயரல்ல, எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது என்பதைக் கொண்டு நாம் இடும் பெயர்," என்றேன். அவள் தலையசைத்தாள். முழுதாக ஏற்றாளா என்பது எனக்குத் தெரியாது.

அவ்வினாவின் கனம் அடுத்த மாதமே எங்கள் முன் வந்து நின்றது. புதிய மண்ணுக்கடியில் வெளிர்மஞ்சள் மணிகளைப் போல் முட்டைகள்! ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமானது. ஒரே ஈட்டில் சில நூறு முட்டைகள்கூட இடவல்லது. "குஞ்சு பொரிச்சதும் வெளிய விட்டுடலாம், டீச்சர்," என்று சிலர் கெஞ்சினர். அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்ததைக் கூறினேன். 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் 18,000-க்கும் மேற்பட்ட நத்தைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஒழித்து முடிக்கப் பத்து இலட்சம் டாலருக்கும் மேல் செலவாயிற்று.

கதையைக் கேட்ட பின்னர் வெளியே விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், ஒரு சிறுவன் அழுதான். அவனை நான் தடுக்கவில்லை. முட்டைகளைப் பையிலிட்டு இறுகக் கட்டி, அறிவியல் அறைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு நாள் வைத்து, பிறகே அப்புறப்படுத்தினோம். அன்று பையைக் கட்டும் பொறுப்பைத் தானே கேட்டுப் பெற்றவள், அந்தக் கீரைக்காரர் மகள்.

நான்கு நத்தைகளும் இன்றும் எங்கள் தொட்டியில்தான் உள்ளன. வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறி முட்டை தேடுவதற்கு மாணவர்களிடையே முறைப்பட்டியல் உண்டு. உங்கள் பள்ளியிலும் நத்தை வளர்க்க எண்ணினால், தொட்டி வாங்குமுன் இப்பட்டியலைத் தயார் செய்யுங்கள். வளர்ப்பதற்கு முன்வரும் பிள்ளைகள் பலர். முட்டை தேடுவதற்கும் அவர்களே முன்வர வேண்டும்.