தலைமாட்டில் நிற்பவர்
இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

அறுவைச் சிகிச்சை என்றதும் கத்தி பிடித்த கைதான் நம் நினைவிற்கு வருகிறது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து காட்டினார். அன்றுதொட்டு நோயாளியின் தலைமாட்டில் இன்னொருவரும் நிற்கலானார். அந்த மயக்கவியல் மருத்துவருக்கு உதவியாக நிற்பவரைப் பற்றியே எழுத வந்தேன்.

காரணம் என் தங்கை. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், "அறுவை அரங்கு, மயக்கவியல் தொழில்நுட்பம்" என்ற பட்டப்படிப்புக்குப் போவேன் என்றாள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்யும் அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ரேஷன் கார்டுத் திருத்தம்கூட என்னிடம்தான் வரும்!

"ஏம்பா, அது டாக்டர் வேலையா, நர்ஸ் வேலையா?"

இரண்டும் இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு நாலு வருசம்?"

நியாயமான கேள்வி. மிளகு விற்ற பணம் ஒருவர் படிப்புக்கே போதாது. போதாக்குறைக்கு, பெரிய அறுவை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போகும் எங்களுக்கு மயக்க ஊசி என்றாலே அச்சம்.

அதே படிப்பில் மூன்றாம் ஆண்டிலிருக்கும் அத்தை மகளிடம் கேட்டேன். மூன்றாண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. மயக்கம் கொடுப்பவர் மருத்துவர். கருவியைச் சோதித்து ஆயத்தமாக வைப்பது இவர்கள் பொறுப்பு. ஆக்சிஜனுக்கு உரிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு உருளை பொருந்தாதபடி ஊசியும் துளையும் வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளனவாம். என்னை வியக்கவைத்தது அழுத்தமானிதான். ஆக்சிஜன் குறையக் குறைய முள்ளும் இறங்கும். நைட்ரஸ் ஆக்சைடோ உருளைக்குள் திரவமாக இருப்பது; கடைசித் துளி ஆவியாகும்வரை முள் ஏறக்குறைய அசையாது. முள்ளை நம்பினால் ஆபத்து. எடை போட்டே அறிய வேண்டும். தெவிட்டிய ஆவியழுத்தம் என்று நாம் தேர்வுக்கு உருப்போடுகிறோமே, அதேதான்! விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் நம் பாடமே. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் குருதியில் உட்கவரப்படும் வேறுபாட்டைக் கொண்டு 1974இல் ஜப்பானியர் தக்குவோ அவோயாகி அதற்கு வழி கண்டார்.

அமெரிக்காவில் 1969இல் எமரி, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகங்கள் மயக்கவியல் உதவியாளர் பயிற்சியைத் தொடங்கின. பட்டத்திற்குமேல் சுமார் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு அது. முடித்தவர் மருத்துவர் மேற்பார்வையில் மயக்கமே கொடுக்கலாம். இங்கே 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய பணிகளுக்கென ஆணையம் வகுத்திருக்கிறது. ஊரார் வாயில் நுழையும் பெயர் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "போர்டோ கலவை அடிக்குமுன் கத்தியை முக்கிப் பார்ப்பீர்களே, ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"செம்பு படிஞ்சா சுண்ணாம்பு பத்தலேன்னு அர்த்தம். பாக்காம அடிச்சா இலை கருகிப்போகும்."

"அங்கே இலைக்குப் பதில் மனுசர், அப்பா."

சற்று நேரம் பேசாதிருந்தவர், விண்ணப்பத்திற்கு என்ன செலவாகும் என்று கேட்டார்.

தங்கை இப்போது முதலாண்டு. பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் என் வெப்பவியல் நூலை எடுத்துப் போய்விட்டாள். பருவத் தேர்வுக்குள் அது திரும்பி வருமா என்பதே இப்போது என் கவலை.