இரண்டு விண்ணப்பங்கள்

சகோதரிகளே, சென்ற மாதம் எங்கள் யட்டவத்த வீட்டு மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று, பேராதனையில் 1975 முதல் இயங்கும் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தின் உணவு விஞ்ஞான முதுமாணி. மற்றது கொழும்பில் எம்.பி.ஏ.

மாத்தளையில் வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தின் ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். "அங்கேயே இருந்தால் கடைசி வரை மற்றவர் சொல்வதைத்தான் கேட்பாய்" என்றார் நானா. பொய்யில்லை. நான் பழுதென்று எழுதிய சரக்கை மேலே உள்ளவர் கையெழுத்திட்டு அனுப்பியதுண்டு.

உம்மா முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். "ஈரமென்று சொல்லி யாவாரி விலையைக் குறைத்தான், மகள். மெய்யா பொய்யா என்று எந்தப் படிப்பில் சொல்லித் தருவார்கள்?"

ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் மிளகில் பூஞ்சணம் பிடிக்கும் பயம் உண்டு. பறித்ததும் கொதிநீரில் ஒரு நிமிடமளவு முக்கி எடுத்தால் சீக்கிரம் கறுத்துக் காயும். இவ்வளவும் எனக்குத் தெரியும். உம்மாவுக்குச் சொல்லத்தான் ஆறு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. வெட்கமாயிருந்தது. ஆனால் யாவாரியிடம் பேசி விலை வாங்க எனக்கு வராது. அது மற்றப் படிப்பு.

எம்.பி.ஏ.வுக்கு அனுபவம் கூடக் கூட நல்லது, நாற்பதிலும் செய்யலாம். விஞ்ஞானம் விட்டால் மறந்துபோகும். வாரந்தோறும் கொழும்பு போய்வரக் கைக்குழந்தையும் விடாது. பேராதனை விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தேன்.

நானா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உம்மா இம்முறை மிளகைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்திருக்கிறார். யாவாரி வரும் நாளில் என்னை லீவு போடச் சொல்லியிருக்கிறார்.