மூன்று தேசங்கள் கூடுமிடம்

வட தாய்லாந்தில் ஸோப் ருவாக் என்னும் சிற்றூரின் மேட்டில் ஏறி நின்றால் மூன்று தேசங்களை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். கீழே ருவாக் ஆறு மேகாங் மகாநதியில் சங்கமமாகிறது. இடப்புறம் மியான்மர் எனப்படும் பர்மா, எதிர்க்கரையில் லாவோஸ். 'தங்க முக்கோணம்' என்பது இப்பிரதேசத்தின் பெயர். தங்கம் விளைந்ததால் அல்ல, அபின் விளைந்ததால் வந்த பெயர்!

பள்ளிக்கூடத்தில் எல்லைக்கோட்டைச் சிவப்பு மசியால் போடச் சொல்லிக் கொடுக்கிறோம். கடத்தற்காரனுக்கு அந்தக் கோடு கிடையாது. 2011 அக்டோபரில் இந்நதியில் சீனச் சரக்குக் கப்பல்கள் இரண்டிலிருந்த 13 பேர் கொலையுண்டனர். கப்பல்களில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட போதை மாத்திரைகள் அகப்பட்டன. சீனக் கப்பல் போக்குவரத்து சில காலம் நின்றே போயிற்று. கொள்ளைத் தலைவன் நாவ் காம் லாவோஸில் பிடிபட்டு, 2013ல் சீனாவில் மரண தண்டனை அடைந்தான். நதியில் நான்கு தேசத்தாரும் சேர்ந்து ரோந்து சுற்றத் தொடங்கினர்.

தாய்லாந்தின் தோய் துங் மலையில் 1988ல் ராஜமாதா ஸ்ரீநகரிந்திரா தொடங்கிய திட்டத்தால் கசகசாச் செடியிருந்த இடத்தில் காப்பித் தோட்டம் செழித்தது. பர்மாவிலோ 2021ல் ராணுவம் ஆட்சியைப் பறித்ததும் கலகம் மூண்டது. 2023ல் அபின் விளைச்சலில் அந்நாடு ஆப்கானிஸ்தானத்தையும் மிஞ்சிவிட்டது. குடியானவனை மட்டும் வைது என்ன பயன்? முட்டைக்கோஸை விற்க அவன் சாலையில்லாத மலையிலிருந்து சுமந்து இறங்க வேண்டும். அபினுக்கோ வியாபாரி வாசலுக்கே வருகிறான்; முன்பணமும் கொடுக்கிறான்.