அருவிச் சத்தமும் ஒரு விசிலும்

குற்றாலம்னு தலைப்பு வச்சாலே எண்ணெய்க் குளியல், பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழின்னு எழுதறதுதான் வழக்கம். தென்காசிக்காரனா அது எதையும் நான் விட்டுக்கொடுக்கப் போறதில்லை. ஆனா இன்னைக்குப் பரோட்டா கிடையாது, இயற்பியல். ஓடாதீங்க மக்கா, பத்தாங்கிளாஸ் அளவுக்குத்தான் :-)

அக்கா மக இப்போ பத்தாவது. லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப 'ஒலியியல்' பாடத்தை என்கிட்ட ஒப்பிச்சா. குறுக்கலை, நெட்டலை, வீச்சு, அதிர்வெண், அலைநீளம்... எல்லாம் வாய்ப்பாடு மாதிரி கடகடன்னு வந்துது. முடிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டா பாருங்க. "மாமா, அப்ப அருவியும் ஒரு அலைதானா?"

இல்லை. ஐந்தருவிப் பக்கம் படகு விடுற வெண்ணமடைக் குளம் இருக்குல்லா, அதுல ஒரு கல்லைப் போட்டுப் பாருங்க. வளையம் வளையமா அலை கரைக்கு வரும். ஆனா நடுவுல மிதக்கிற காஞ்ச இலை கூடவே வராது. கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே ஏறி இறங்கிட்டு நிக்கும். அலை கொண்டுவர்றது ஆற்றலைத்தான், தண்ணியை இல்ல. அதே இலையைச் சிற்றாத்துல போட்டா தண்ணியோடவே போயிரும். அது ஓட்டம். அருவியும் ஓட்டம்தான். அருவியோட சத்தம்தான் அலை.

"இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது மாமா?"ன்னா. அவ வயசுல நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ஆனா இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்துது. குளிச்சிட்டிருந்தவங்க சிதறி ஓடினாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போயி இறந்துபோனான். மழை பெய்யறது மேல மலையில, நாம நிக்கிறது கீழ. இடையில நமக்குச் சேதி கொண்டுவர முடிஞ்சது அலை மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. காத்துல ஒலியோட வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். வெள்ளம் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல வருதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். 100 மீட்டர் தள்ளி ஒருத்தர் அதைப் பார்த்து விசில் அடிச்சா, சத்தம் 0.3 வினாடியில நம்ம காதுக்கு வந்துரும். தண்ணி வர 20 வினாடி ஆகும். ஒரு குழந்தையைத் தூக்கிட்டுப் பாறையை விட்டு வெளிய வர்றதுக்கு அந்த 20 வினாடிதான் நம்ம கையில இருக்கு.

ஆனா விசில் கேக்கணுமே! அருவிக்கடியில நின்னவங்களுக்குத் தெரியும், பக்கத்துல நிக்கிறவன் கத்துறதே கேக்காது. அருவி இரைச்சல்ல எல்லா அதிர்வெண்ணும் கலந்து கிடக்கு. மனுஷக் குரல் அதுக்குள்ள முங்கிப் போயிரும். மேல இருந்து வர்ற வெள்ளத்தோட இரைச்சலும் இதே மாதிரிதான், அருவிச் சத்தத்தோட ஒண்ணாக் கலந்துரும். விசில் அப்படி இல்ல. அதோட ஆற்றல் முழுக்க 2000-ல இருந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு குறுகின பட்டையில குவிஞ்சிருக்கு. நம்ம காதுக்குக் கூர்மை அதிகமான இடமும் அதுதான். காலேஜ்ல 'சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ'ன்னு பக்கம் பக்கமா எழுதினோமே, போலீஸ்காரர் வாயில இருக்கிறது அதுதான்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். 3000 ஹெர்ட்ஸ் விசிலோட அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு 3.4 மீட்டர். தன் அலைநீளத்தை விடப் பெரிய பாறை குறுக்க நின்னா அலை அவ்வளவா வளைஞ்சு போகாது, பாறைக்குப் பின்னாடி ஒலிக்கும் ஒரு நிழல் விழும். நீள அலை சுத்தி வளைஞ்சு வந்துரும். அருவி கண்ணுல படறதுக்கு முன்னாடியே கடைத்தெருவுல 'ஓ'ன்னு ஒரு உறுமல் கேக்குதுல்லா? 'சோ'ங்கிற சீறல் கிட்டப் போனாத்தானே தெளிவாக் கேக்குது? இதுவும் அதுக்கு ஒரு காரணம்.

அதாவது, இரைச்சலைத் தாண்டிக் கேக்கிற விசில், பாறை மறைவுல நிக்கிறவனுக்குக் கேக்காமப் போகலாம். அதனால விசில் கேட்டவங்க தான் மட்டும் வெளிய வந்தாப் போதாது, பக்கத்துல நிக்கிறவங்க தோளைத் தட்டிக் கூட்டிட்டு வரணும். சிவப்பு விளக்கையோ கையசைவையோ நம்பலாம்னா, ஒளியோட அலைநீளம் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மி. அது பாறையைச் சுத்தி வர வாய்ப்பே இல்ல. போதாததுக்கு, தலையில தண்ணி விழும்போது நாம கண்ணை இறுக்க மூடிட்டுத்தானே நிக்கிறோம்! கூட்டமாப் போனா ஒருத்தராவது வெளிய நின்னு மேல பார்த்துட்டே இருக்கணும், முறை வச்சு மாத்திக்கலாம்.

பேரருவியில ஆர்ச்சுக்கு மேல தண்ணி விழுந்தா குளிக்க விடமாட்டாங்க. "என்ன சார், நல்லாத்தானே விழுது, அஞ்சே நிமிஷம் சார்"னு வெளியூர்க் கூட்டம் கெஞ்சுறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ராத்திரி பூரா பஸ்ஸுல வந்தவங்க ஏமாத்தம் புரியுது. ஆனா தண்ணி யாருக்கும் அஞ்சு நிமிஷம் முன்கூட்டிச் சொல்லிட்டு வராது. சொல்ற வேலையை அலைதான் செய்யணும்.

இதையெல்லாம் கேட்டுட்டு அக்கா மக கேட்டா, "இது பரீட்சையில வருமா மாமா?"

வராது பிள்ள. ஆனா சீசனுக்கு வர்றவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிடட்டும். விசில் சத்தம் கேட்டா முதல்ல வெளிய வாங்க, காரணம் அப்புறம் கேட்டுக்கலாம். பரோட்டா எங்கயும் போயிறாது.