சங்காயம்

இராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரைசேரும் காலை வேளையில் மீன் இரண்டு விதமாக இறங்குகிறது. இறாலும் நண்டும் கணவாயும் ஐஸ் போட்ட பெட்டிகளில் முதலில் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு தளத்தில் மிச்சமிருப்பதைக் கூடை கூடையாக வாரி இறக்குகிறார்கள். காரல், பேத்தை, கிளாத்திக் குஞ்சு, விரல் நீள நாக்கு மீன், ஓடு இன்னும் கெட்டிப்படாத நண்டு, பெயர் சொல்ல யாரும் நேரம் ஒதுக்காத இன்னும் எத்தனையோ. அத்தனைக்கும் சேர்த்துச் சங்காயம் என்று பெயர். அதற்கு ஐஸ் கிடையாது. அது போவது கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும்.

ஆடி மாதத்தில் நான் பாம்பன் பக்கத்து உலர்த்துவாடிகளுக்குப் போனேன். ஜூன் 14இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் சங்காயம் மிகுதியாக வரும். இனப்பெருக்கக் காலத்தில் கடலை விட்டுவைத்தோம் அல்லவா, அதில் பிறந்தவற்றில் ஒரு பங்கு இப்படித்தான் கரைக்கு வருகிறது.

வாடியில் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள். விடிந்ததும் வண்டி வந்து குவியலைக் கொட்டும். வெயில் ஏறுவதற்குள் அதைப் பரப்பி முடிக்க வேண்டும். குனிந்தபடியே கையால் விசிறுகிறார்கள். ஒன்றன் மேல் ஒன்று படாமல் மெல்லிய பரப்பாக விழுகிறது. தடிமனாக விழுந்தால் அடியில் வெந்துபோய்ப் புழு வைத்துவிடும். உச்சிப் பொழுதில் வாரியால் ஒரு முறை புரட்டுவது, மாலையில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போடுவது, மறுநாள் மீண்டும் பரப்புவது. நல்ல வெயிலென்றால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். நாலைந்து கிலோ ஈர மீன் காய்ந்து ஒரு கிலோவாகச் சுருங்கும்.

அந்த வேலையில் என்னை வியக்க வைத்தது கால் வைக்கும் விதம். பேத்தையின் முள்ளும் நண்டின் கொடுக்கும் கிடக்கும் பரப்புக்குள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், எதையும் மிதிப்பதில்லை. என்னால் ஓரத்தில்தான் நிற்க முடிந்தது.

அங்கே மூத்தவரான ஓர் அக்கா வேலையை நிறுத்தாமலே பேசினார். “மணல்தான் தம்பி எங்களுக்கு எதிரி. காத்து ஒரு பொழுது மாறி அடிச்சாப் போதும். வியாபாரி ஒரு கை அள்ளித் தண்ணிச் சட்டியில போட்டுப் பாப்பான். அடியில மணல் தங்குச்சுன்னா வெலையக் கொறச்சுப்புடுவான்.” வியாபாரி செய்வதிலும் நியாயம் இருக்கிறது. மணலும் உப்பும் கூடிய காய்ந்த மீன் கோழிக்கு ஆகாது. ஆனால் கடற்கரை மணலிலேயே காயவைக்கச் சொல்லிவிட்டு மணலுக்காக விலையைக் குறைத்தால், அந்த நட்டம் கூலிக்காரியின் தலையில்தான் விழுகிறது. சிமெண்டுத் தளமோ இடுப்புயரப் பரணோ இருந்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் இது.

பரப்புவதற்கு முன்னால் அவர்கள் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. குவியலைச் சுற்றி உட்கார்ந்து விரல்களால் துழாவி, கெடாத காரலையும் சூடையையும் மத்தியையும் பிரித்தெடுக்கிறார்கள். கொஞ்சம் வீட்டுக்கு. மிச்சத்தை உப்புப் போட்டுத் தனியாகக் காயவைத்தால் கருவாடு. “பிள்ளை பெத்தவளுக்குக் காரல் குழம்பு வச்சுக் குடுத்தாப் பால் ஊறும். இதப் போயிக் கோழித் தீனிங்கிறாங்க” என்றார் அந்த அக்கா. இது உணவா, தீவனமா என்று நான் கேட்க வந்ததற்கான விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது.

கடலுக்குள் இருக்கும்போது எந்த மீனும் தீவனம் அல்ல. வலை இழுத்த பிறகு படகின் தளத்தில் கழிகிற நேரம்தான் அதைத் தீவனமாக்குகிறது. ஐஸ் விலை கொடுத்து வாங்கியது, ஐஸ் அறையும் சிறியது. அதில் இறாலுக்குத்தான் இடம். இரவில் முதல் இழுப்பில் வந்த காரல் காலை வரை வெறுமனே கிடந்து நசுங்கிப் போகிறது. வலையின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆனால் மணிக்கணக்காக அடிமட்டத்தை இழுக்கும்போது சேறும் மீனும் கண்ணியை அடைத்துக்கொள்கின்றன. குஞ்சு தப்பிக்க வழியில்லை. விதியை மீறிச் சிறுகண்ணி வலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இழுவைமடிப் படகுகள் இறாலை எடுத்துக்கொண்டு இந்தச் சிறுமீனைக் கடலிலேயே தள்ளிவிட்டு வந்தன. அதற்கு விலை வந்த பிறகுதான் கரைக்கு வரத் தொடங்கியது. கோழிப் பண்ணைகள் பெருகின. 2009இல் வன்னாமி இறால் வளர்ப்புக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது, இறால் தீவனத்துக்கு மீன்தூள் தேவைப்பட்டது. கடலில் வீணாகக் கொட்டுவது குறைந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எறியப்பட்டபோது குஞ்சு மீன் படகுக்குத் தொல்லை. விலை வந்தபின் அது டீசல் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும் வரவு. வரவைத் தவிர்க்க யார் பெரிய கண்ணி போடுவார்?

உலக அளவில் போக்கு வேறு திசையில் இருக்கிறது. 1994இல் 3 கோடி டன்னுக்கு மேல் மீன் தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றப்பட்டது. 2022இல் அது சுமார் 1.7 கோடி டன் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. அதே ஆண்டில் மீன்தூளில் 34 விழுக்காடு, பதப்படுத்தும்போது கழிகிற தலை, எலும்பு, குடல் ஆகியவற்றிலிருந்து வந்தது. அப்படி வருகிற தூளை நான் மனமார வரவேற்கிறேன். இறாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலையும் ஓடும்தான். நம் ஏற்றுமதிக் கூடங்களில் அவை மலையாகச் சேர்கின்றன. தீவனமும் கைட்டோசான் என்னும் வேதிப்பொருளும் அவற்றிலிருந்து எடுக்கலாம். முழு மீனை, அதுவும் வளராத மீனை அரைப்பதற்கு அதே நியாயம் பொருந்தாது. கேரளம் 2015இல் சில மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது, 2017இல் அந்தப் பட்டியலை 58 இனங்களாக விரித்தது. பாக் நீரிணையில் பிடிபடுகிற காரலுக்கும் சூடைக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும்.

வாடிப் பெண்களை இப்போது அழுத்துவது இன்னொரு மாற்றம். நீராவியில் வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைக்கும் ஆலைகளுக்கு வெயிலும் வேண்டாம், விரிக்க ஆளும் வேண்டாம். ஈர மீனாகவே லாரியில் ஏற்றிக்கொள்கிறார்கள். துறைமுகத்தில் நின்ற ஓட்டுநரிடம் எதுவரை என்று கேட்டேன். “மங்களூர்ண்ணே” என்றார். தளத்திலிருந்து நேரே லாரி. வாடிக்கு வருவது குறைகிறது. கூலி போவதோடு, குவியலில் கைவிட்டுத் தின்கிற மீனைப் பிரிக்கும் அந்த ஒரு மணி நேரமும் போகிறது. சங்காயம் உணவாகத் திரும்புவதற்கு இருந்த ஒரே வழி அந்தக் கைகள்தான்.

புறப்படும்போது, என்ன எழுத வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “லாரியில ஏத்துறதுக்கு முன்னால அரை மணி நேரம் எங்கள குமியக்கிட்ட விடச் சொல்லுங்க. திங்கிற மீனக் காசு குடுத்தே எடுத்துக்கிறோம். சும்மா கேக்கல. மிச்சத்த அவுக கொண்டுபோகட்டும்.”

படகு உரிமையாளர் சங்கங்களும் மீன்வளத் துறையும் உட்கார்ந்து பேசினால் அடுத்த தடைக்காலத்துக்குள் முடிகிற காரியம் இது. துறைமுகத்தில் ஒரு கூரைத் தளம், ஒரு தராசு, கொஞ்சம் ஐஸ். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.