பானை ஒறி

பல ஆண்டுகளாகச் சரித்திர வகுப்பில் நான் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தேன்: "யவனர் கப்பலேறி வந்து, பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிச் சென்றனர்." ஒரு நாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நம்மவர் யாருமே அங்கே போகவில்லையா, ஸார்?" என்று கேட்டான். "அது பரீக்ஷைக்கு வராது, உட்கார்" என்றேன். அந்த விடையை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கிறது.

எகிப்து தேசத்தில் செங்கடலுக்கும் நைல் நதிக்கும் நடுவே ஒரு பெரும் பாலைவனம் கிடக்கிறது. நமது மிளகு ரோமாபுரியை அடைய அதைக் கடந்தாக வேண்டும். பெரனிகே துறைமுகத்துக்கும் நதிப்பக்கத்துக் கொப்டோஸ் நகருக்கும் இடையே 12 நாட் பிரயாணம் என்று பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர் எழுதியிருக்கிறார். வெயிலுக்கு அஞ்சிப் பகலில் நீர்நிலையங்களில் தங்கி, இரவில் நடப்பார்களாம்.

வியன்னா நகரில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பத்திரம் ஒன்று இருக்கிறது. முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடனைப் பற்றியது. சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்புவித்து, காவலோடு கொப்டோஸுக்கு அனுப்புவதாக அதில் உறுதி கூறப்படுகிறது. 'நம்பகமான' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை இரவுத் தூக்கம் கெட்டதோ! பத்திரமாக வந்து சேர்ந்த சரக்கிலோ சர்க்காருக்குக் கால் பங்கு வரி.

பெரனிகேயைத் தோண்டியவர்கள், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7 கிலோவுக்கு மேல் மிளகைக் கண்டார்கள். 1995-இல் அங்கே கிடைத்த ஓட்டில் 'கொற்றபூமான்' என்ற பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருந்தது. வடக்கே குஸேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள். பிறகு அதே இடத்தில், ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான ஓடு ஒன்றில் இரண்டு முறை எழுதப்பட்ட 'பானை ஒறி'.

கொற்றபூமான் கம்பீரமான பெயர்தான். ஆயினும் என் மனம் அந்தப் பானையையே சுற்றுகிறது. உறியில் தொங்கவிடும் பானை! இங்கேயே எழுதிக் கப்பலேற்றியிருக்கலாமே என்று ஆக்ஷேபிக்கலாம். இருக்கட்டும்; அந்த எழுத்தை யவனன் படிப்பான் என்றா எழுதினார்கள்? வந்தவர்களின் குறிப்புகளைக் கொண்டே பாடம் எழுதிக்கொண்ட நாம், போனவர்களின் பாத்திரத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

சென்ற வாரம் அந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். 'ஒறி' எழுத்துப் பிழை என்று மூன்று பையன்கள் கை தூக்கினார்கள்.