சேற்றில் நின்ற சோளம்

மழை வேண்டி வானத்தை நோக்கும் உழவனை நாம் அறிவோம். ஆனால், விளைந்த பயிர் அறுவடையை எதிர்பார்த்து நிற்கும் வேளையில் அதே மழை வந்துவிட்டால் அவன் படும் பாடு சொல்லுந் தரமன்று. தை மாதத்திலே காலந் தப்பிப் பெய்த மழையால் கதிரோடு சாய்ந்து கிடந்த நெல்லைக் கிளிநொச்சி வயல்களில் நாம் கண்டதுண்டு. அத்தகைய துயரத்தை, கடல் பல கடந்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சோள வயலொன்றின் ஓரத்தில் நின்று மீண்டும் காண நேருமென்று நாம் கனவிலும் கருதவில்லை.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய அழைப்பை ஏற்று அங்கே சென்றிருந்தோம். "சேர், நீங்கள் வந்த நேரம் சரியில்லை. போன மாதம் தொடங்கின மழை இன்னும் விட்டபாடில்லை" என்று சொல்லியே அவர் எம்மை வரவேற்றார். நான்காம் நாள் வெயில் சற்றுத் தலைகாட்டியது. தமக்குப் பழக்கமான கமக்காரர் ஒருவரின் நிலத்தைக் காட்டுவதற்காக எம்மை வடக்கு நோக்கி அழைத்துச் சென்றார்.

வழிநெடுகச் சோளமே சோளம். அம்மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 130 இலட்சம் ஏக்கரில் சோளம் பயிராகிறது என்று படித்திருந்தோம். ஆயினும் அதன் பொருளை அன்றுதான் கண்ணாற் கண்டோம். பச்சை முற்றாக நீங்கிக் காய்ந்த தாள்கள் ஆளுயரத்துக்கும் மேலாக நின்று காற்றில் சலசலத்தன. அடியிலோ கரிய சேறு. பன்னீராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அந்த நிலத்தைப் பனிக்கட்டிப் படலம் மூடியிருந்ததாம். அது உருகி விலகியபோது விட்டுச் சென்ற சமவெளியில் நீர் வடிய வழியில்லை. பள்ளந்தோறும் குளமும் சேறுமாய்க் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குடியேறிய மக்கள் மண்ணுக்கடியிற் களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்த பின்னரே அது வயலாயிற்று. இன்று அவ்விடத்தைத் துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய்கள் பிடித்துக்கொண்டன. எனினும் பெருமழை பெய்தால் பழைய பள்ளங்கள் தம் பிறப்பை நினைத்துக்கொள்கின்றன.

கமக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர், அளந்து பேசுபவர். அவருடைய மகனுக்கு முப்பது வயதிருக்கலாம். நாம் சென்றபோது இருவருக்குமிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இன்றே அறுக்கவேண்டும் என்பது மகனின் கட்சி. பொறுக்கவேண்டும் என்பது தந்தையின் கட்சி.

மகன் எம்மை வயலுக்குள் அழைத்துச் சென்று ஒரு தண்டின் அடிக்கணுவைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். அது நெத்தலிக் கருவாடு போல நொறுங்கியது. ஈரத்தினால் தண்டழுகல் நோய் கண்டுவிட்டது. ஒரு பெருங்காற்று அடித்தால் பயிர் முழுதும் படுத்துவிடும். நிலத்தில் விழுந்த பொத்தியை இயந்திரம் பொறுக்காது என்றார். தந்தை அதை மறுக்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். அது உதிராமல் நாடாவைப் போல நீண்டது. அந்த நாடாவை மகனிடம் காட்டினாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஈற்றில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: மேட்டு நிலத்தை மட்டும் அறுப்பது, தானியத் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, தானிய வண்டி தெருவோரத்தை விட்டு உள்ளே வருவதில்லை.

அறுத்தல், அடித்தல், தூற்றல் ஆகிய மூன்று தொழில்களையும் ஒருங்கே செய்வதனாலேயே அந்த இயந்திரத்துக்குக் கூட்டு அறுவடை இயந்திரம் என்று பெயர். அதன் முகப்பிலே கூரிய மூக்குகள் வரிசைகளுக்கிடையே நுழைகின்றன. சுழலும் உருளைகள் தண்டைக் கீழ்நோக்கி இழுக்க, பொத்தி மேலே தகடுகளிற் தட்டி முறிந்து உள்ளே செல்கிறது. அங்கே பெரிய உருளையொன்று மணிகளை உதிர்க்க, சல்லடையும் காற்றாடியும் அவற்றைப் பிரித்தெடுக்கின்றன. மணி தொட்டிக்கு ஏற, சக்கையும் உமியும் பின்புறமாக வீசப்படுகின்றன. எட்டு வரிசைகளை ஒரேயடியாக விழுங்கிக்கொண்டு அது சென்றபோது நாம் வாய்பிளந்து நின்றோம்.

மேட்டு நிலம் ஒருவாறு முடிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளத்தின் ஓரத்தில் எஞ்சியிருந்த சில வரிசைகளை மகனால் விட மனம் வரவில்லை. இயந்திரம் அங்கே திரும்பியது. ஓசை மாறியது. முன்சக்கரங்கள் இரட்டையாய்ப் பூட்டப்பட்டிருந்தும், அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டன.

வெறுமையாகவே பதினைந்து தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய யானை அது. சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அது ஆழத்துக்கே செல்லுமென்று அறிந்திருந்த தந்தை, கையை உயர்த்தி உடனே நிறுத்தச் செய்தார். முகப்பில் அடைத்திருந்த சேற்றையும் தாளையும் அகற்ற மகன் இறங்கியபோது, இயந்திரம் முற்றாக அணைக்கப்பட்டதா என்று இருமுறை கேட்டார். ஓடும் உருளையிற் கையை இழந்தவர்கள் அந்நாட்டில் பலருண்டு என்று மாணாக்கர் எமது காதிற் சொன்னார். பின்னர் தொட்டியிலிருந்த சோளத்தை நிலத்திலேயே கொட்டி நிறையைக் குறைத்தனர். சக்கரங்களின் பின்னே மண்வெட்டியால் சரிவு வெட்டினர். வலிய பட்டியொன்றைப் பின்புறத்திற் பிணைத்து, உறுதியான நிலத்தில் நின்ற உழவு இயந்திரத்தால், வந்த வழியே மெல்ல இழுத்தனர். இழுபடும் பட்டி அறுந்தால் அது உயிரைக் குடிக்கும் சாட்டையாகுமாம். ஆதலால் எம்மைத் தொலைவிலே நிறுத்திவிட்டனர்.

பொழுது சாய்கையில் இயந்திரம் மீண்டது. அது கிடந்த இடத்தில் முழங்காலாழத்தில் இரண்டு தடங்கள். மகன் தலைகுனிந்து நின்றார். தந்தை அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "சோளம் போனால் ஓராண்டுக் கணக்கு. மண் இறுகினால் அது எத்தனை ஆண்டுக் கணக்கென்று யார் அறிவார்?" என்று மட்டும் கூறினார்.

திரும்பும் வழியில் அதன் பொருளை மாணாக்கர் விளக்கினார். எமது நெல்வயலிலே சேறடித்து அடிமண்ணை இறுக்குவது நீர் தங்குவதற்காக. சோளத்தின் வேருக்கோ காற்று வேண்டும். ஈரமண்ணைப் பாரம் நசுக்கினால் அதன் நுண்துளைகள் அடைபட்டு, வேரும் இறங்காது, நீரும் குழாய்க்கு வடியாது. மேல்மண்ணை மாரிக்கால உறைபனி ஓரளவு நெகிழ்த்தும். ஆழத்து இறுக்கமோ பல ஆண்டுகள் நிலைக்கும். கேடுகளிற் பெரும்பங்கு சக்கரத்தின் முதலாவது பயணத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. சேறு நெல்லுக்குத் தாய், சோளத்துக்கு மாற்றாந்தாய் என்று அப்போது எமக்குத் தோன்றியது.

எஞ்சிய பள்ளத்து நிலத்தை அவர்கள் விட்டுவிட்டனர். நாம் நாடு திரும்பிய பின்னர், கார்த்திகையில், மாணாக்கரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு விடியற்காலையில் நிலம் பாறைபோல் உறைந்திருக்க, வெயில் ஏறுமுன்னரே அவர்கள் அதை அறுத்துவிட்டார்களாம். பொறுத்ததற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. தண்டுகள் சாய்ந்தன, பொத்திகள் உதிர்ந்தன. ஒரு சதுர அடியில் இரண்டு மணிகள் கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புசல், அதாவது ஏறத்தாழ 25 கிலோ, நட்டம் என்பது அவர்கள் கணக்கு. கமக்காரர் நிலத்தில் முழந்தாளிட்டு மணிகளை எண்ணி, அந்த நட்டத்தை மகனின் கையாலேயே ஏட்டில் எழுதுவித்தாராம்.

தந்தை செய்தது சரிதானா என்ற ஐயம் எமக்கு அப்போது இருந்தது. மறுவருடம் ஆடியில் ஒரு படம் வந்தது. அதை எடுத்தவர் அந்த மகன். சோளம் நின்ற இடத்தில் சோயா அவரை விதைத்திருந்தார்கள். உறைந்த நிலத்தில் அறுத்த பள்ளம் முழுதும் ஒரே பச்சை. அதன் ஓரத்தில் மட்டும், இயந்திரம் புதைந்த இடத்திலே, இரண்டு கோடுகள் மஞ்சள் பூத்துக் குட்டையாய் நின்றன.

அப்படத்தை எமது வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்துள்ளோம். அது என்ன படமென்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்கிறோம்.